கட்டக்கோரைச் சாற்றில் 14 மி.மீ. வளையம் வந்திருக்கிறது, அடுத்து என்ன செய்யலாம்?

கேட்டவர்: கடலோர_மாணவி

எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் கடைசி ஆண்டு. புராஜெக்ட்டுக்காக மண்டபம் பக்கம் கரை ஒதுங்கிய கட்டக்கோரையை (சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி) எடுத்து வந்து, நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தேன். சாறு விட்ட சின்னக் காகித டிஸ்க்கைப் பாக்டீரியா தட்டில் வைத்தேன், டிஸ்க்குக்கு ஒரு மில்லிகிராம். ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் டிஸ்க்கைச் சுற்றி, பாக்டீரியா வளராத 14 மி.மீ. தெளிவான வளையம். ஈ.கோலை தட்டில் ஒன்றுமே இல்லை. மெத்தனால் மட்டும் விட்ட டிஸ்க்கில் வளையம் வரவில்லை. இதோடு எழுதி முடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மருந்தாகக்கூடிய எதுவும் இதில் இருக்கிறதா என்று கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்க வழி உண்டா? கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து எடையை வைத்து அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவி எங்களிடம் இல்லை.

பதில் 1: வேதி_குமார்

முதலில் எம்ஐசி (கிருமி வளர்வதைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த அளவு) போடுங்கள். வளையத்தின் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அகாரில் எளிதாகப் பரவும் பொருள் பலவீனமாக இருந்தாலும் பெரிய வளையம் தரும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி வலுவான மருந்து சரியாகப் பரவாமல் சின்ன வளையம் தரும். கச்சாச் சாறுக்கு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பதில் 2: ஆக்டினோ_அக்கா

எம்ஐசி போடச் சொன்னது சரி. 'விட்டுவிடுங்கள்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

தங்கச்சி, ஆரியஸ் மட்டும் சாகிறது, ஈ.கோலை அசையவில்லை என்றதுமே எனக்கு முதலில் தோன்றுவது கொழுப்பு அமிலங்கள். பாசிச் சாற்றில் அவை தாராளமாக இருக்கும். தட்டில் நன்றாக வேலை செய்யும், ரத்தத்துக்குள் போனால் அங்குள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா ஆகிவிடும். அதனால் எம்ஐசியை இரண்டு வரிசையாகப் போடு: ஒன்றில் சாறு மட்டும், இன்னொன்றில் கொஞ்சம் போவைன் ஆல்புமினும் (மாட்டு ரத்தத்து ஆல்புமின்) சேர்த்து. இரண்டாவதில் எம்ஐசி எகிறினால் காரணம் அநேகமாக அதுதான். பழுப்புப் பாசி என்பதால் டானின் வகைப் பொருள்களும் இருக்கும்; அவை எந்தப் புரதத்தையும் பிடித்து நம்மை ஏமாற்றும். டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிவினைல்பாலிபைரோலிடோன் பொடியோடு குலுக்கி வடிகட்டிவிட்டு மறுபடி சோதி.

இரண்டையும் தாண்டி வேலை செய்தால் சந்தோஷப்படலாம். அப்புறம் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், தண்ணீர் என்று பிரித்து, பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் டிஎல்சி தட்டில் ஓடவிட்டு, அதன்மேல் பாக்டீரியா கலந்த அகாரை ஊற்று. மறுநாள் எம்டிடி என்ற சாயத்தைத் தெளித்தால் உயிருள்ள இடமெல்லாம் ஊதாவாகும், கொல்லும் பொருள் இருக்கும் புள்ளி மட்டும் வெளிறி நிற்கும். எல்சி-எம்எஸ் இல்லாமலே எந்தப் புள்ளி என்று தெரிந்துவிடும். ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறதா என்றும் பார்த்துவிடு. சோப்பும்தான் பாக்டீரியாவைக் கொல்லும்.

இப்போது 'விட்டுவிடுங்கள்' விஷயம். 1945இல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே ப்ரோட்ஸு ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அங்கே தண்ணீர் தானாகவே சுத்தமாகிறது, எதுவோ கிருமிகளை அடக்குகிறது என்பது அவர் யோசனை. 1948இல் எழுதி வெளியிட்டார், பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. அங்கே ஆபிரகாமும் நியூட்டனும் அதிலிருந்து பிரித்த செஃபலோஸ்போரின் சி கொல்லும் திறனில் பலவீனமானது. எம்ஐசியை மட்டும் பார்த்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். ஆனால் பெனிசிலினை உடைக்கும் என்சைமால் அதை உடைக்க முடியவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நடுக்கருவை வைத்துக்கொண்டு பக்கச் சங்கிலியை மாற்றி, 1964இல் முதல் மருந்தான செஃபலோதின் வந்தது. இன்று வார்டுக்கு வார்டு போடும் செஃப்ட்ரையாக்ஸோன் அதே குடும்பம். எவ்வளவு பேரின் உயிர் அந்தப் பொறுமையில் பிழைத்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும்.

அதனால் அளவோடு குணத்தையும் பார். எதிர்ப்பு உள்ள கிருமியின் மேலும் இதே அளவில் வேலை செய்கிறதா? அந்தச் சோதனையை முறையான பிஎஸ்எல்-2 (நோய்க்கிருமிகளைக் கையாளும் பாதுகாப்பு நிலை) வசதி உள்ள இடத்தில் மட்டும் செய்.

இன்னொன்று, அங்கே மருந்து தந்தது பூஞ்சை. உன் பாசியின் மேல் வாழும் நுண்ணுயிர்களையும் ஏன் வளர்த்துப் பார்க்கக் கூடாது?

கடலோர_மாணவி

அக்கா, கொழுப்பு அமிலம் பற்றி யாருமே சொன்னதில்லை. ஆல்புமின் வரிசையை முதலில் போடுகிறேன். நுண்ணுயிர் பிரிக்க, என்னிடம் உள்ள உலர்ந்த பாசியே போதுமா?

ஆக்டினோ_அக்கா

வேண்டாம். கரை ஒதுங்கியது அழுக ஆரம்பித்திருக்கும், அதன்மேல் வேறு கூட்டம் ஏறியிருக்கும். பாசி எடுக்கும் மீனவப் பெண்களிடம் அன்று எடுத்ததை வாங்கி, ஐஸ் பெட்டியில் கொண்டு வா. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா; அங்கே நீயே இறங்கி எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். ஊடகத்தில் பாதிக்குப் பாதி கடல்நீர் சேர். நாலிடிக்சிக் அமிலம் போட்டால் வேகமாக வளரும் பாக்டீரியா அடங்கும், சைக்ளோஹெக்சிமைடு போட்டால் பூஞ்சை அடங்கும். பூஞ்சை வேண்டுமென்றால் அது தனித் தட்டு, சைக்ளோஹெக்சிமைடு இல்லாமல். ஆக்டினோமைசீட்கள் (மெதுவாக வளரும், பல ஆன்டிபயாடிக் தந்த பாக்டீரியா வகை) தலைகாட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. ஆல்புமின் முடிவு வந்ததும் இங்கேயே போடு, பார்க்கிறேன்.