பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தைத் தனி ஆளாக ஆட எந்த கிளாஸ் எடுக்கலாம்?

ஆலமரத்தடி:

வணக்கம் நண்பர்களே. பால்டர்ஸ் கேட் என்ற கணினி ஆட்டத்தின் முதல் பாகத்தை ஆறு பேர் பார்ட்டியோடு (குழுவோடு) முடித்துவிட்டேன். இப்போது ஒரே ஆளை வைத்து ஆட ஆசை. தொடக்கத்திலேயே சேர வரும் தோழி இமோயென்கூட வேண்டாம். என்னிடம் இருப்பது 2012இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன்.

மனித ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கையில் பெரிய வாள். ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில் டார்னெஷ் என்ற மந்திரவாதி ஹாரர் (பயமுறுத்தும் மந்திரம்) போடுகிறான். என் ஆள் பயந்துபோய் முற்றத்தைச் சுற்றி ஓடுகிறான், பின்னாலேயே மேஜிக் மிஸைல் வருகிறது, கதை முடிந்தது. லோட் செய்தாலும் அதேதான். கிளாஸை, அதாவது ஆளின் தொழிலை, மாற்ற வேண்டுமா? மல்டிகிளாஸ் (ஒரே ஆளுக்கு இரண்டு கிளாஸ்) எடுத்தால் லெவல் மெதுவாக ஏறுமே என்றும் யோசனையாக இருக்கிறது.

மலைக்குள்ளன்:

மாற்றுங்கள். ட்வார்ஃப் (குள்ளர் இனம்) ஃபைட்டர்/கிளெரிக் (போர்வீரனும் பூசாரியும் சேர்ந்தது) எடுங்கள். நான் இந்த ஆட்டத்தைத் தனியாகவே ஆடுகிறவன், புதிதாகக் கேட்பவர் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன்.

ஆறு பேரில் ஒருவன் பயந்து ஓடினால் மீதி ஐந்து பேர் சண்டையை முடித்துவிடுவார்கள். தனி ஆள் ஓடினாலோ உறைந்து நின்றாலோ அதோடு சரி. அதனால் எவ்வளவு அடிக்கிறான் என்று பார்ப்பதற்கு முன்னால் சேவிங் த்ரோவை, அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்கும் டைஸ் கணக்கை, பாருங்கள். முதல் லெவல் ஃபைட்டருக்கு ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு) எதிரான சேவ் 17. அதாவது இருபது பக்க டைஸில் 17 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் நான்கு வாய்ப்பு. கிளெரிக்குக்கு அதுவே 15. மல்டிகிளாஸில் இரண்டில் எது நல்லதோ அதைத்தான் ஆட்டம் எடுத்துக்கொள்ளும். ட்வார்ஃபுக்கு கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 18 அல்லது 19 வைத்தால் இன்னும் 5 சலுகை. ஆக 10 விழுந்தால் போதும், இருபதில் பதினொன்று. ஒரு எக்ஸ்பிகூட (அனுபவப் புள்ளி) சேர்ப்பதற்கு முன்பே இந்த வித்தியாசம் கையில் இருக்கிறது.

லெவல் மெதுவாக ஏறும் என்ற கவலையை விடுங்கள். பார்ட்டிக்கு வரும் எக்ஸ்பி ஆட்களின் எண்ணிக்கையால் வகுபடும். பெரகாஸ்டில் ஃபெல்ட்போஸ்ட் விடுதியில் மார்ல் என்று ஒருவன் வம்புக்கு வருவானே, அவனிடம் பொறுமையாகப் பேசிச் சமாதானம் செய்தால் 900 எக்ஸ்பி. ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு 150தான், தனி ஆளுக்கு முழுசாக 900. அப்புறம் 161,000 என்ற உச்சவரம்பு இருக்கிறது. தனி ஆள் அதை ஆட்டம் முடிவதற்கு வெகு முன்பே தொட்டுவிடுவான். அந்த இடத்தில் சாதா ஃபைட்டர் எட்டாவது லெவலில் நிற்பான். ஃபைட்டர்/கிளெரிக்குக்கு இரண்டு பக்கமும் 80,500 வீதம் பிரிந்து ஏழும் ஏழும். ஒரே ஒரு ஃபைட்டர் லெவலைக் கொடுத்து ஒரு முழு கிளெரிக்கை வாங்குகிறீர்கள். இந்த ஆட்டத்தில் இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி டார்னெஷ். கிளெரிக்குக்கு முதல் லெவலிலேயே பயம் போக்கும் ரிமூவ் ஃபியர் ஸ்பெல் உண்டு. விடுதிக் கோட்டைக்குள் நுழைந்ததும், படிக்கட்டை நெருங்குவதற்கு முன்னால், அதை உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஆடும் எடிஷனில் அதற்குப் பிறகு ஹாரர் உங்களை அசைக்காது. அவன் மிரர் இமேஜ் போட்டு நாலைந்து பேராகத் தெரிவான், கலங்க வேண்டாம். நெருங்கி அடித்துக்கொண்டே இருங்கள், காவலர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஸ்பெல் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் ஸ்பெல் கெட்டுவிடும், அவனுக்குப் பெரிதாக உயிரும் கிடையாது. நாஷ்கெல் விடுதியில் நெய்ரா என்பவள் ஹோல்ட் பெர்சன் (உறையவைக்கும் ஸ்பெல்) போடும்போதும் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ட்வார்ஃப் சேவ்தான்.

இரவுப்பறவை:

மலைக்குள்ளன் சொல்வது சரிதான், ஆனால் கிளெரிக் வழி கொஞ்சம் நிதானமான வழி. எனக்குப் பிடித்தது சார்சரர் (மந்திரவாதி கிளாஸ்). முதல் லெவலில் ஸ்லீப் (தூங்கவைக்கும் ஸ்பெல்) ஒன்று போதும், கிபர்லிங் என்ற குட்டி அரக்கர் கூட்டம் அப்படியே படுத்துவிடும். உயிர் நாலு ஆறுதான் இருக்கும் என்பதால் தொடக்கத்தில் ஓநாயைப் பார்த்தாலே ஓட வேண்டும், அது உண்மை.

எக்ஸ்பிக்கு மூடாமின் தோட்டத்துக்குப் போங்கள். பார்வையாலேயே கல்லாக்கும் பேசிலிஸ்க் மிருகத்தில் சின்னது ஒவ்வொன்றுக்கும் 1,400, பெரியதற்கு 7,000. புரொடெக்‌ஷன் ஃப்ரம் பெட்ரிஃபிகேஷன் மேஜுக்கு முதல் லெவல் ஸ்பெல், அது இருக்கும்வரை அதன் பார்வையால் கல்லாக மாட்டீர்கள். கிளெரிக்குக்கு அந்த ஸ்பெல் கிடையாது, அதே பெயரில் உள்ள பாதுகாப்பு ஸ்க்ரோலைத் தேட வேண்டும். அங்கேயே கோராக்ஸ் என்றொரு கூல் (பிணந்தின்னிப் பேய்) திரிவான். வசியம் செய்து முன்னால் விட்டால் அவன் கல்லாகவே மாட்டான். ஆனால் அதே இடத்தில் கிரியன் என்பவளோடு நாலு பேர் கும்பல் நிற்கும். தனி ஆளாக அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

ஆலமரத்தடி:

ட்வார்ஃப் எடுத்தேன். ரிமூவ் ஃபியர் போட்டுக்கொண்டு போனேன், டார்னெஷ் படிக்கட்டிலேயே விழுந்தான். இருவருக்கும் நன்றி! பார்ட்டியோடு போனபோதே என்னைப் பாடாய்ப் படுத்திய இடம் க்ளோக்வுட் காட்டுச் சிலந்திகள்தான். அங்கே வெப் என்ற வலையில் சிக்கினால் என்ன செய்வது? கடைசிச் சண்டையும் இருக்கிறது.

மலைக்குள்ளன்:

நல்ல செய்தி.

க்ளோக்வுட்டுக்கு அவசரப்படாதீர்கள். கிளெரிக் பக்கம் ஏழாவது லெவல் வந்ததும் நாலாம் லெவல் ஸ்பெல் திறக்கும், அதில் ஃப்ரீ ஆக்‌ஷன் இருக்கிறது. கிளெரிக் கணக்கில் 55,000, உங்களுக்கு மொத்தமாக 110,000 எக்ஸ்பி வேண்டும். ஃப்ரெண்ட்லி ஆர்முக்கு வடக்கே உள்ள வயலில் ஆன்கெக் என்ற ராட்சதப் பூச்சி ஒவ்வொன்றுக்கும் 975 வரும், பேசிலிஸ்க்கும் இருக்கிறது, பாதைக்கு வெளியே சுற்றினால் சேர்ந்துவிடும். ஆன்கெக் ஓடு ஒன்றைச் சுமந்துபோய் பெரகாஸ்டில் டேரோம் என்ற கொல்லனிடம் கொடுங்கள். 4,000 பொன் வாங்கிக்கொண்டு கவசம் செய்து தருவான். தனி ஆளுக்கு அந்தக் கவசம் அவசியம். ஃப்ரீ ஆக்‌ஷன் போட்டுக்கொண்டு சிலந்திக் குகைக்குள் போனால் வெப் உங்களைப் பிடிக்காது. கையில் விஷமுறிவு இருக்கட்டும்.

அதற்கு முன்பே, கிளெரிக் ஐந்தாவது லெவலில், எலும்புக்கூட்டை எழுப்பும் அனிமேட் டெட் ஸ்பெல் வரும். அன்றிலிருந்து நீங்கள் தனி ஆள் என்பது பேருக்குத்தான். எலும்புக்கூடு பயப்படாது, அம்பு அதை அவ்வளவாகத் தைக்காது, வெகுநேரம் கூடவே நிற்கும். இதைத் தனி ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. பார்ட்டியில் இடம் பிடிக்காத எதுவும் துணை ஆள் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசிச் சண்டையில் ஆட்டத்தின் முக்கிய வில்லன் செரவோக்கோடு ஏஞ்சலோ, செமாஜ், டாஸோக் மூவரும் நிற்பார்கள், தரையில் பொறி வேறு. ஒரே சமயத்தில் நால்வரையும் எதிர்கொள்ள வேண்டியதில்லை. செரவோக் விழுந்தாலே ஆட்டம் முடிந்துவிடும், மற்றவர்கள் உயிரோடு இருந்தாலும் பரவாயில்லை. வாசல் பக்கத்திலேயே நின்று எலும்புக்கூடுகளை முன்னால் அனுப்பி, வருகிறவனை வரவிட்டு அடியுங்கள்.

டர்லாக் கோபுரத்துக்கு மட்டும் இந்த ஆளோடு போவதானால் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே பொறி கண்டுபிடிக்க தீஃப் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்பதைத் தனியாக எழுதுகிறேன்.