பெரிய தோட்டத்துக் குடும்பம் (வாட்ஸ்அப் குழு, 2024)

செல்வி அத்தை: இந்தப் படத்தை யார் போட்டது? நம்ம தோட்டத்து மேலே மஞ்சள் அடிச்சிருக்கு

கார்த்தி பெங்களூர்: நான்தான் அத்தை. கோவை மாஸ்டர் பிளான் 2041, வரைவு. எந்த இடம் எதுக்குன்னு கலர் அடிச்சுக் காட்டற அரசு வரைபடம். பழைய பிளானில் நாம பச்சை, அதாவது விவசாயம். இதில் குடியிருப்பு

செல்வி அத்தை: நல்லதா கெட்டதா

மணி சித்தப்பா திருப்பூர்: நல்லது. சென்ட் விலை ஏறும் 👍

ராசு சித்தப்பா: நிலத்தை எடுத்துக்குவாங்களா? அன்னூர் பிரச்சனை மாதிரி

பெரியப்பா: எல்லோரும் முழுசாகப் படியுங்கள். அன்னூரில் வந்தது தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் பேச்சு. இது அதுவல்ல. மண்டலம் மாறினாலும் பட்டா இருக்கிற பேரிலேயே இருக்கும். தென்னை வைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். பச்சையாக இருந்தால் சைட் போடுகிறவன் முதலில் நில உபயோக மாற்றத்துக்கு மனுப் போட்டு அலைய வேண்டும். மஞ்சளானால் அந்த அலைச்சல் கிடையாது, நேரே மனைப்பிரிவு அனுமதிக்குப் போகலாம். நாம் விற்காவிட்டாலும் பக்கத்துக் காட்டுக்காரர் விற்பார். 1994-ல் ஒப்புதலான பிளானை வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினார்கள். இதுவும் லேசில் மாறாது. இன்னொன்று

தேவி: பெரியப்பா, ரீட் மோர் அமுக்கி அமுக்கி விரல் வலிக்குது 😄

பெரியப்பா: சர்வேயராக இருந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்

ராசு சித்தப்பா: சைட் வந்தா வீட்டுக்கு வீடு போர்வெல் போடுவாங்க. நம்ம கிணத்துல தண்ணி நிக்காது

மணி சித்தப்பா திருப்பூர்: இப்ப மட்டும் நிக்குதாக்கும்

ராசு சித்தப்பா: நீ கடைசியா எப்ப எட்டிப் பார்த்தே?

செல்வி அத்தை: விக்கிறதா இருந்தா என் பங்கு என்னாகும்?

மணி சித்தப்பா திருப்பூர்: அக்கா, உனக்குத்தான் கல்யாணத்துக்கே 40 பவுன் போட்டோமே

செல்வி அத்தை: 40-ஆ? 32. மீதி 8 இன்னும் வந்து சேரலை. அம்மா இருக்கும்போதே கேட்டிருக்கணும்

தேவி: ஆரம்பிச்சாச்சு

பொன்னு அண்ணன்: காலை வணக்கம் 🌺 தென்னைக்கு வெள்ளை ஈ ஒட்ட மஞ்சள் ஷீட் யார்கிட்டயாவது மீதி இருக்குங்களா

கார்த்தி பெங்களூர்: மஞ்சளா, இங்கே ஏக்கர் கணக்குல இருக்குண்ணா

ராசு சித்தப்பா: என்கிட்ட இருக்கு பொன்னு, சாயங்காலம் வா. விளக்கெண்ணெய் தடவித்தான் கட்டணும். மட்டைக்கு அடிப்பக்கம் தண்ணியை வேகமா பீய்ச்சி அடி

கார்த்தி பெங்களூர்: ஒரு நிமிஷம். படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. வடக்கே இருந்து புள்ளிக்கோடு வருதே, அது உத்தேச ரோடு. கிணத்து மேலேயே போகுது

ராசு சித்தப்பா: எந்தக் கிணறு

கார்த்தி பெங்களூர்: நமக்கு எத்தனை கிணறு சித்தப்பா

பெரியப்பா: இதைத்தான் முதலில் சொல்லியிருக்கணும். கலரை வைத்து இவ்வளவு நேரம் சண்டை! அந்தக் கோடு நிலைத்துவிட்டால், நாளைக்கு வீடு கட்ட அனுமதி கேட்டாலும் அந்தப் பாகத்தை விட்டுவிட்டுத்தான் கட்டச் சொல்வார்கள். மணி, அது உன் பாகம்

பெரியப்பா: மணி?

மணி சித்தப்பா திருப்பூர்: பார்த்துட்டேன்

பெரியப்பா: ஆட்சேபணையை எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டப்படி இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் உண்டு. கிராம சபையில் பேசிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். புல எண், உட்பிரிவு, கிணறு எங்கே, பாசனம் எத்தனை ஏக்கர், எல்லாம் எழுதி எஃப்எம்பி (புல அளவு வரைபடம்) நகலையும் வைக்க வேண்டும். கூட்டுப் பட்டா, ஆகவே எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. செல்வி, நீயும்தான் அம்மிணி

செல்வி அத்தை: கையெழுத்துக்கு மட்டும் ஞாபகம் வருது 🙏

மணி சித்தப்பா திருப்பூர்: ரோடு வேண்டாம்னு எழுதுங்க, போடறேன். மஞ்சள் வேண்டாம்னு எழுதினா போட மாட்டேன்

ராசு சித்தப்பா: ரெண்டும் வேண்டாம்னுதான் எழுதணும். பண்ணையம் பாக்கறவன் நான்

கார்த்தி பெங்களூர்: ரெண்டு மனுவா கொடுத்துடலாமா?

பெரியப்பா: ஒரே பட்டாவுக்கு இரண்டு விதமாக எழுதினால் சிரிப்பார்கள்

தேவி: சனிக்கிழமை தோட்டத்துல கூடிப் பேசலாமே. எஃப்எம்பி நகல் யார்கிட்ட?

ராசு சித்தப்பா: அம்மா பீரோவில். சாவி மணிகிட்ட

மணி சித்தப்பா திருப்பூர்: என்கிட்ட இல்லை. அக்காகிட்ட கேளுங்க

செல்வி அத்தை: எட்டு பவுனும் அந்தப் பீரோவிலதான் இருக்கும் போல

பெரியப்பா: சனிக்கிழமை முகூர்த்தம், எனக்கு ரெண்டு கல்யாணம். ஞாயிறு பார்க்கலாம்

பொன்னு அண்ணன்: சித்தப்பா, விளக்கெண்ணெய் நான் வாங்கிட்டு வரணுங்களா?