பரோசா பக்கம் போகிறோம், குடும்பமாக நடத்தும் ஒயின் தோட்டம் எது பார்க்கலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம் எல்லாருக்கும். மகள் அடிலெய்டில் படிக்கிறாள், செப்டம்பரில் நானும் வீட்டுக்காரியும் போய்ப் பார்க்கப் போகிறோம். ஒருநாள் அங்கே தென் ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பரோசா பக்கம் போய் வரலாம் என்று அவள் சொல்கிறாள். பெரிய கம்பெனிகளின் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதில் எனக்கு ஆசை இல்லை, ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் இடமாக இருந்தால் நல்லது. ஹென்ஷ்கே என்று ஒரு பெயரைச் சொன்னாள். அவர்களுடைய ஹில் ஆஃப் கிரேஸ் என்ற சிவப்பு ஒயின் ஒரு போத்தல் நூற்றுக்கணக்கான டாலர்! அதே ஷிராஸ் திராட்சையில் செய்தது கடையில் முப்பது டாலருக்கும் கிடைக்கிறதே, அப்படி அந்த மண்ணில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜார்ஜ்டவுன்_மதி:
அண்ணே, மண்ணோடு கொடியின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒயின் முழுவதும் பரோசாவின் மேட்டுப் பகுதியான ஈடன் வேலியில் 8 ஹெக்டேர் அளவுள்ள ஒரே தோட்டத்திலிருந்து வருகிறது, அதிலும் ஷிராஸ் ஒரு பகுதிதான். மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நட்டவை, இன்னமும் காய்க்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது, அதனால்தான் அங்கே இன்றைக்கும் அமெரிக்கக் கொடியின் வேர் மேல் ஒட்டுக் கட்டி நடுகிறார்கள். தென் ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி வரவே இல்லை. அங்கே உள்ள கிழட்டுக் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன, ஐரோப்பாவில்கூட இது அபூர்வம்.

வயதான கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், ஆனால் வேர் ஆழமாகப் போயிருப்பதால் தண்ணீர் பாய்ச்சாமலே தாங்கும். ஆண்டு மழை அங்கே சுமார் 520 மில்லிமீட்டர்தான், நம் கோலாலம்பூரில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் பெய்கிறது. இடம் சுமார் 400 மீட்டர் உயரம், பரோசா சமவெளியைவிடக் குளிர்ச்சி, அதனால் பழம் மெதுவாகப் பழுக்கும். சமவெளி ஷிராஸ் கனமாக இருக்கும், ஈடன் வேலி ஷிராஸில் மிளகு வாசனை தூக்கலாக வரும், எனக்கு இதுதான் பிடிக்கும். பினாங்கு பாலிக் புலாவில் கிழட்டு டுரியான் மரத்துப் பழத்துக்கென்றே காத்திருந்து வாங்குகிறார்களே, அதே கணக்குதான் அண்ணே.

இன்னொன்று. 2011இல் மழை மிஞ்சிப்போய்ப் பழம் சரிவரவில்லை, அந்த ஆண்டு ஹில் ஆஃப் கிரேஸ் போடவே இல்லை. வேறு தோட்டத்துப் பழத்தைக் கலந்து பெயரை மட்டும் ஒட்டி விற்றிருக்கலாம், செய்யவில்லை. அந்த விலையில் எனக்கு நியாயமாகப் படுவது இதுதான்.

பிறையூரான்:
மதி சொன்னது சரி, ஆனால் அந்தக் கொடிகள் ஏன் இன்னும் நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனி பக்கம் பிரஷ்ய மன்னர் தேவாலயங்களை ஒன்றாக்கியதை ஏற்காத லூத்தரன் கிறிஸ்தவர்கள் 1838 முதல் கப்பலேறித் தென் ஆஸ்திரேலியா வந்தார்கள். யோஹான் கிறிஸ்டியன் ஹென்ஷ்கே பிரஷ்யாவின் சைலீசியாவிலிருந்து 1841இல் வந்தவர், 1862இல் ஈடன் வேலிப் பக்கம் கெய்ன்டன் ஊரில் நிலம் வாங்கி, 1868இல் முதன்முதலாக ஒயின் விற்றார். நாலாம் தலைமுறை சிரில், எல்லாரும் இனிப்பான கடும் ஒயின் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1952இல் மவுண்ட் எடெல்ஸ்டோன், 1958இல் ஹில் ஆஃப் கிரேஸ் என்று ஒவ்வொரு தோட்டத்தின் பெயரிலும் தனித்தனியாகப் போட்டார். பெரிய துணிச்சல். அவருக்குப் பிறகு மகன் ஸ்டீபன் ஒயினையும் மருமகள் புரூ தோட்டத்தையும் பார்க்கிறார்கள். புரூ பழைய கொடிகளில் சிறந்ததைப் பொறுக்கி அதிலிருந்து கன்று வளர்த்து வைத்திருக்கிறார், ஆறாம் தலைமுறையும் உள்ளே வந்துவிட்டது.

1980களின் நடுவில் சிவப்பு ஒயின் தேங்கிப்போய், கொடியைப் பிடுங்கினால் பணம் தருகிறோம் என்று அரசாங்கமே திட்டம் போட்டது. நூறு வயதுக் கொடிகள் எத்தனையோ போயின. கடன் இருக்கிறவன் என்ன செய்வான்? அந்த நேரத்தில் பிடுங்காமல் வைத்திருந்தவர்களால்தான் 2009இல் பரோசாக்காரர்கள் கொடிகளை வயது வாரியாகப் பிரிக்க முடிந்தது: 35, 70, 100, 125 ஆண்டு என்று.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் தோட்டத் துண்டாடல்தான் ஞாபகம் வரும். 1950களில் மலாயாவில் வெள்ளைக்கார ரப்பர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது காட்டை வெட்டி மரம் நட்ட நம் தாத்தா பாட்டிமார் வேலையும் வீடும் இல்லாமல் வெளியே நின்றார்கள். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பாட்டாளிகளிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து முதலில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். நிலம் கையில் இருந்தால்தானே பேரன் காலத்து மரத்தைப் பற்றி யோசிக்க முடியும். அவசியம் போய்ப் பாருங்கள் அண்ணே, தோட்டத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம் அது.

செந்தூல்வாசி:
என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர்தான். இதைப் படித்த பிறகு போகாமல் இருக்க முடியாது. அந்தக் கொடிகளுக்கு நடுவே நடக்க விடுவார்களா? அந்த விலை கொடுத்து வாங்க நம்மால் முடியாது, வேறு எதை ருசி பார்க்கலாம்?

கவிதா_பிரிக்பீல்ட்ஸ்:
அண்ணா, கேட்காமல் கொடிகளுக்குள் இறங்க வேண்டாம். விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் சில இடங்களில் மதி சொன்ன அந்த வேர்ப்பூச்சி இருக்கிறது, செருப்பு மண்ணில் ஒட்டியே வந்துவிடும். மெல்பர்ன் பக்கம் தோட்டத்தில் நடந்த காலணியோடு பரோசாவுக்குப் போகவே கூடாது. ஹில் ஆஃப் கிரேஸ் தோட்டத்துக்கு எதிரிலேயே பழைய லூத்தரன் தேவாலயம் இருக்கிறது, சாலையோரம் நின்று பார்த்தாலே கொடிகளின் தண்டு எவ்வளவு பெருத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். செப்டம்பரில் துளிர் விடுகிற நேரம், அறுவடை பிப்ரவரிக்குப் பிறகுதான், பழம் பார்க்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள்.

ருசிக்கு ஈடன் வேலி ரீஸ்லிங் கேளுங்கள். வெள்ளை ஒயின், எலுமிச்சைப் புளிப்பு, நம் மீன் பெரட்டலுக்கும் நண்டுக் கறிக்கும் சிவப்பைவிட நன்றாகப் பொருந்தும், விலையும் தாங்கும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், கார் ஓட்டுகிறவர் ருசி பார்த்ததும் துப்பிவிட வேண்டும், மகளை ஓட்டச் சொல்லி அவளுக்கும் ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மலேசியாவுக்குத் திரும்பும்போது வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர்தான், அதாவது ஒரு போத்தல். வீட்டில் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள், நம் வெயிலுக்கு ஒயின் சீக்கிரம் கெட்டுவிடும், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு போதும்.