வெறுமையாக ஓடும்போது துள்ளும் ஹைலக்ஸ்: ஆலோசனை தேவை

உறவுகளுக்கு வணக்கம். ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் நான் 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் (இரு வரிசை இருக்கைகளும் பின்னால் சுமைத் தட்டும் உள்ள பிக்கப்) ஒன்றை வைத்திருக்கிறேன். நெல் மூட்டைகளுடன் மாங்குளம் வீதியில் அமைதியாக ஓடும் அதே வாகனம், வெறுமையாகத் திரும்பிக் கிரவல் பாதையில் இறங்கியதும் பின்புறம் துள்ளி, பின்னிருக்கையில் இருக்கும் அம்மாவின் இடுப்பைப் பதம் பார்க்கிறது. சுமைக்கென அமைந்த லீவ் ஸ்பிரிங் (அடுக்குத் தகட்டு வில்), பாரமில்லாதபோது இலகுவில் வளைந்து கொடுக்காது என்பது தெரியும். ரயர்க் காற்றும் குறித்த அளவிலேயே இருக்கிறது. ஆனால் துள்ளலைத் தணிக்கும் ஷொக் அப்சோபர்கள் இதுவரை மாற்றப்படாதவை, ஒன்றில் எண்ணெய்க் கசிவும் தென்படுகிறது. ஸ்பிரிங்கில் ஒரு தகட்டைக் கழற்றிவிடுமாறு திருத்துநர் ஒருவர் சொன்னார். காலபோக அறுவடைக்கு மூட்டை ஏற்றவேண்டிய எனக்கு அது சரியாகப்படவில்லை. ஷொக் அப்சோபர்களையும் மூட்டுகளில் உள்ள இறப்பர் புஷ்களையும் மாற்றினால் மாத்திரம் போதுமா? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இவ்வேலையைச் செய்வித்தவர்கள், செலவையும் குறிப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.