டிரெய்லர் மூக்குக்கு எலக்ட்ரிக் ஜாக்கி: ஒரே ஒரு வயர்தான் இருக்கு, மைனஸ் எங்கே?

கானாடுகாத்தான்_வண்டி
வணக்கம். ஒத்தை அச்சு தங்கும் டிரெய்லர், சாமான் ஏத்தினா மொத்தம் 1,400 கிலோ. முன்னாடி இருக்கிற கை ஜாக்கியை எடுத்துட்டு 12 வோல்ட் எலக்ட்ரிக் ஜாக்கி மாட்டணும். ஜாக்கி 3,500 பவுண்டு வகை, குழாய் 57 மி.மீ. வண்டியில இருக்கிற ஓட்டை 51 மி.மீ.தான். ஜாக்கியில இருந்து ஒரே ஒரு வயர் வருது. பேட்டரி பின்பக்கம், 5 மீட்டர் தள்ளி இருக்கு. வீட்டு வயரிங்ல மிஞ்சின 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் போதுமா?

பள்ளத்தூர்_12வோல்ட்
1.5 ஸ்கொயர் வேண்டாம். காரோட பின்பக்க சாக்கெட்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கலாம், பேட்டரி வரைக்கும் இழுக்கிற வேலை மிச்சம்.

தேவகோட்டை_லேத்
சாக்கெட் யோசனையை விட்டுடுங்க தம்பி. அங்கே வர்ற வயர் பேட்டரிக்கு மெதுவா சார்ஜ் ஏத்தத்தான். அதோட, காரைக் கழட்டின பிறகுதானே ஜாக்கிக்கு வேலையே.

மைனஸ் ஜாக்கியோட உடம்புதான். அது போல்ட் வழியா சேசிஸுக்கு, அதாவது டிரெய்லரோட இரும்புச் சட்டத்துக்குப் போகணும். பெயிண்ட் மேலயே வச்சு முறுக்கினா கரண்ட் திரும்ப வழி இல்லை, சுவிட்சை அழுத்தினா 'டிக்'னு சத்தம் மட்டும் வரும். உட்காருற இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளையாத் தேய்ங்க, மூணு போல்ட்டுக்கும் பல் வாஷர் போடுங்க, முறுக்கி முடிச்ச பிறகு மேல பெயிண்ட் அடிங்க. பேட்டரி மைனஸில் இருந்தும் சேசிஸுக்குத் தடிமனான ஒரு வயர் கட்டாயம் வேணும். உள்ளூர்ல கட்டின பாடிகள்ல பல நேரம் அது இருக்காது.

வயர் கணக்கு: சுமையோட தூக்கும்போது சுமார் 25 ஆம்பியர்னு வச்சுக்குங்க. 1.5 ஸ்கொயர் செம்பு வயர்ல 5 மீட்டருக்கே ஒன்றரை வோல்ட் போயிடும், வயரும் சுடும். 6 ஸ்கொயர் போட்டா 0.4 வோல்ட்தான். பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை ஜாக்கி பக்கம் வச்சா நடுவுல வயர் உரசி சேசிஸைத் தொடும்போது காப்பாத்த எதுவுமில்லை. வயர் முனையில மாட்டுற லக்கை கட்டிங் பிளேயர்ல நசுக்காதீங்க, கிரிம்பிங் கருவியில அமுக்குங்க.

ஓட்டையைப் பெரிசாக்க ஹோல் சா (டிரில்லுல மாட்டுற வட்ட ரம்பம்) போதும். ஆனா நடுவுல பிடிமானம் இல்லாம அது அலையும். பிளைவுட் துண்டுல 57-க்குக் கொஞ்சம் கூடுதலா ஒரு ஓட்டை போட்டு, அதைத் தகட்டுமேல கிளாம்ப் பண்ணி வழிகாட்டியா வச்சுக்குங்க. கீழ்த்தகட்டுலயும் ஓட்டை இருந்தா ரெண்டும் நேர்க்கோட்டுல இருக்கணும். பெரிசாக்கின பிறகு போல்ட் ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல 10 மி.மீ. இரும்பு நிக்கலைன்னா, புதுசா 8 மி.மீ. தகடு வெல்டு வச்சுட்டு அதுல ஓட்டை போடுறதே நல்லது. வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையும் கழட்டணும். ஜாக்கிக் குழாய் மேல மட்டும் வெல்டு வைக்க விடாதீங்க. குழாய் கோணினா உள்குழாய் சிக்கிக்கும்.

கானாடுகாத்தான்_வண்டி
நன்றி அண்ணே. பழைய ஜாக்கியைக் கழட்டும்போது மூக்கை எதுல நிறுத்துறது? பாட்டில் ஜாக்கி போதுமா?

தேவகோட்டை_லேத்
பாட்டில் ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. கார்லயே மாட்டி, கப்ளரை (கார் கொக்கியைப் பிடிக்கிற மூக்கு நுனி) பூட்டி, சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்துட்டுக் கழட்டுங்க. இதைவிடப் பத்திரமான வழி இல்லை. கூடவே ஏ ஃபிரேமோட (மூக்குல 'A' மாதிரி சேர்ற சட்டம்) ரெண்டு கைக்கும் அடியில இரும்பு ஸ்டாண்ட். பழசோட பாதத்தைக் கழட்டினாத்தான் குழாய் மேல வழியா வரும்.

பள்ளத்தூர்_12வோல்ட்
சாக்கெட் விஷயத்துல நான் சொன்னது தப்புதான். மாட்டி முடிச்சதும் இதைச் சோதிங்க: மல்டிமீட்டரோட ஒரு முனை ஜாக்கி உடம்புல, இன்னொண்ணு பேட்டரி மைனஸ்ல. சுமையோட தூக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் (சேசிஸ் வழியா வர்ற மைனஸ்) பிடிக்கலை, திரும்பத் தேய்க்கணும்.

மேலேயோ கீழேயோ கடைசி வரைக்கும் போனதும் விரலை எடுத்துடுங்க. முட்டி நிக்கும்போது அழுத்திக்கிட்டே இருந்தா ஃபியூஸ் போகும், இல்லைன்னா பல்சக்கரம் போகும்.

நம்ம பக்கத்துச் செம்மண் காய்ஞ்சிருந்தா கல்லு மாதிரி. ஐப்பசி மழையில பாதம் நேரா உள்ளே போயிடும், சாஞ்சா குழாய் வளையும். ஒரு அடிக்கு ஒரு அடி, ரெண்டு இஞ்ச் கனப் பலகை வண்டியிலேயே இருக்கட்டும்.

தேவகோட்டை_லேத்
கிளம்புறதுக்கு முன்னாடி ஜாக்கிப் பாதத்தைப் பிடிச்சிருக்கிற பின்னை உருவி, பாதத்தை மேல் ஓட்டைக்கு ஏத்தி மாட்டுங்க. முழுசா ஏத்தின பிறகும் தரைக்கு ஒரு சாண் இடைவெளி இல்லைன்னா, நம்ம ஊர் வேகத்தடையில முதல்ல இடிக்கிறது அதுதான். கரண்ட் இல்லாதப்ப சுத்துற கைப்பிடியைக் கார்லயே வச்சுக்குங்க. ஜாக்கி தலையில ரப்பர் மூடிக்குக் கீழே அதுக்கான துளை இருக்கும். ஃபியூஸை உருவிட்டுத்தான் கைப்பிடியைச் சொருகணும், யாராவது சுவிட்சைத் தொட்டா மணிக்கட்டு போயிடும்.