விமானத்தில் விரிசலைக் கண்டவர்கள்: பராமரிப்புத் துறையினரின் அனுபவங்கள்

கட்டமைப்புச் சோதகர், வளைகுடா

பெரிய பராமரிப்புக்காக எங்கள் ஹேங்கருக்கு வந்திருந்த ஒற்றை நடைபாதை விமானம் ஒன்றில், பின்புறக் கழிவறைக்குக் கீழே உள்ள தரைச் சட்டத்தைச் சோதிக்கும் பணி அட்டை என் கைக்கு வந்தது. கழிவறைக்கும் சமையல் பகுதிக்கும் கீழே ஈரம் தங்கும். ஈரம் தங்கினால் அரிப்பு பிடிக்கும். அரிப்புக் குழியிலிருந்து விரிசல் கிளம்பும். அதனால் அந்தப் பகுதிக்குள் நுழையும்போதே நான் கூடுதல் கவனமாக இருப்பேன்.

ஈரமும் கசிவும் புகாமல் பூசியிருந்த பழைய சீலண்டைச் சுரண்டி எடுத்து, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தேன். டார்ச்சை நேராக அடிக்காமல் உலோகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்தேன். நேராக அடித்தால் வெளிச்சம் கண்ணில் தெறிக்குமே தவிர மேற்பரப்பில் உள்ள கோடு தெரியாது. ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் தலைமுடிக் கனத்தில் ஒரு கோடு இருந்தது. பெயிண்டில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம். உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி விரிசலைக் காட்டும் எடி கரண்ட் கருவியின் பேனா போன்ற முனையைத் துளையைச் சுற்றி நகர்த்தினேன். திரையில் ஓரிடத்தில் நின்றிருந்த புள்ளி சட்டென்று மேலே எழுந்து இறங்கியது. கருவியை அளவுத் துண்டில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே இடம், அதே துள்ளல்.

ஷிப்ட் பொறுப்பாளர் வந்து பார்த்தார். விமானத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "கீறலாகத்தான் இருக்கும், லேசாகத் தேய்த்துப் பாருங்களேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் மேலிடத்து நெருக்கடி. ஆனால் விரிசலின் வாயைத் தேய்த்து மூடிவிட்டால், அடுத்து வருகிறவர் கண்ணுக்கு அது தெரியாமலே போகும். நான் குறைபாட்டுப் படிவத்தில் எழுதிவிட்டேன். போல்ட்டைக் கழற்றித் துளையின் உட்சுவரைச் சோதித்தபோது, வெளியே தெரிந்ததைவிட உள்ளே விரிசல் நீளமாக ஓடியிருந்தது. சட்டத்தின் அந்தப் பகுதியை மாற்றினோம். விமானம் தாமதமாகத்தான் போனது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பேசுவது அலோஹா 243 பற்றித்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் போன போயிங் 737. சுமார் 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றோடு போய்விட்டார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. அந்த நிலையிலும் விமானிகள் மாவி தீவின் கஹுலுயி விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

அந்த விமானம் பறந்திருந்த நேரம் 35,496 மணி. பெரிய எண் அல்ல. ஆனால் பறப்புகளின் எண்ணிக்கை 89,680. அதாவது ஒரு பறப்புக்குச் சராசரி 24 நிமிடம்தான். தீவுக்குத் தீவு தாவிக்கொண்டே இருந்த விமானம் அது. ஒவ்வொரு முறை மேலேறும்போதும் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறி உடற்கூட்டின் தகட்டை உள்ளிருந்து வெளியே தள்ளும், இறங்கும்போது தளரும். உலோகம் களைப்பது இந்த ஏற்ற இறக்கத்தால்தான். அதனால் இப்படிப்பட்ட தகட்டுக்கு மணிக்கணக்கைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே முக்கியம். போயிங் அந்த ரகத்துக்கு எண்ணிவைத்த வடிவமைப்பு இலக்கு 75,000 பறப்புகள். கூரையில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இணைப்பில் பசை விட்டுப்போயிருந்தது. பசை தாங்க வேண்டிய சுமையெல்லாம் தகடுகளைப் பிணைக்கும் ஆணிகளான ரிவெட்டுகளின் மேல் விழுந்தது. ரிவெட் துளைகளில் சின்னச் சின்ன விரிசல்கள் வரிசையாகக் கிளம்பின. தனித்தனியாக ஒவ்வொன்றும் அற்பம். ஒருநாள் அவை ஒன்றோடொன்று சேர்ந்ததும், தபால்தலைத் தாள் துளை வரிசையில் கிழிவதுபோல் கூரை கிழிந்தது.

அன்று விமானத்தில் ஏறிய ஒரு பயணி கதவுக்கு அருகே விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் பல இரவுகளில் அதே தகட்டைக் கடந்துபோயிருக்கிறார்கள். பராமரிப்புத் திட்டம் அந்தப் பசைப் பிரிவையும் களைப்புச் சேதத்தையும் கண்டுபிடிக்கத் தவறியதே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியது.

பராமரிப்புத் திட்டமிடல், சென்னை

அண்ணன் எழுதியதோடு என் பக்கத்தையும் சேர்க்கிறேன். எங்கள் பிரிவினர் விரிசலை நேரில் பார்ப்பதில்லை. எங்கள் மேசைக்கு வருவது தேதியும் பறப்பு எண்ணிக்கையும் மட்டும்தான். அதனாலேயே சோதனை இடைவெளியை வெறும் அலுவலகக் கணக்காகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். "இன்னும் ஒரு வாரம் தள்ளிக்கொள்ளலாமா" என்ற கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை.

அந்த இடைவெளி எப்படி வருகிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதே ஆள் மறுமுறை கேட்பதில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். கருவியில் முதன்முதலாகப் பிடிபடும் அளவிலிருந்து, கட்டமைப்பு இனித் தாங்காது என்ற அளவு வரை ஒரு விரிசல் வளர எத்தனை பறப்பு ஆகும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். உதாரணத்துக்கு 12,000 பறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையை 12,000-க்கு ஒருமுறை வைக்க மாட்டார்கள். 6,000-க்கோ 4,000-க்கோ வைப்பார்கள். முதல் முறை சோதகரின் கண்ணுக்குத் தப்பினால் இரண்டாம் முறையாவது பிடிபட வேண்டும் என்பதற்காகத்தான். மனிதர் தவறுவார் என்பதை அந்தக் கணக்கே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒரு சோதனையைத் தவறவிடும்போது நாம் எடுத்துச் செலவழிப்பது அந்த இரண்டாம் வாய்ப்பை.

2008-ல் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் விவகாரம் வெளியே வந்தபோது நான் படிப்பை முடித்திருந்த நேரம். உடற்கூட்டில் களைப்பு விரிசல் தேடும் கட்டாயச் சோதனையைச் செய்யாமல் 46 போயிங் 737 விமானங்கள் 59,791 முறை பறந்திருந்தன. சோதனை விட்டுப்போனது தெரிந்த பிறகும் அவை உடனே நிறுத்தப்படவில்லை, மேலும் 1,451 முறை பறந்தன. பிறகு சோதித்தபோது ஆறு விமானங்களில் விரிசல் இருந்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் கண்காணிக்க வேண்டிய அரசு அலுவலகத்திலேயே மேலதிகாரி இதைக் கண்டும் காணாமல் விட்டார் என்று இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். 102 லட்சம் டாலர் அபராதம் விதிக்க முன்மொழிந்து, மறு ஆண்டு 75 லட்சம் டாலரில் முடித்தார்கள்.

எனக்கு நேர்ந்தது சிறியது. குத்தகையில் வந்த ஒரு விமானத்தின் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, சரக்குக் கதவோரத்தில் செய்த ஒரு பழைய ரிப்பேருக்கு வரைபடம் இல்லை. ரிப்பேர் கண்ணுக்குத் தெரிகிறது, எந்த அங்கீகாரத்தில் செய்தார்கள் என்பதற்குத் தாள் இல்லை. "இத்தனை வருடம் பறந்துவிட்டதே" என்றார்கள். இத்தனை வருடம் பறந்ததுதான் எனக்குக் கவலை. தாள் இல்லையென்றால் அந்த ரிப்பேரை எத்தனை பறப்புக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே தெரியாது. உற்பத்தியாளரிடமிருந்து புதிய மதிப்பீடு வரும்வரை கையெழுத்துப் போடவில்லை. மதிப்பீடு வந்தபோது, அந்த இடத்துக்கென்று தனியாக ஒரு தொடர் சோதனையும் சேர்ந்து வந்தது. அதுவரை அந்த விமானத்தின் எந்தப் பணி அட்டையிலும் அப்படி ஒரு சோதனையே இருந்ததில்லை.

ஓய்வுபெற்ற விமானத் தொழில்நுட்பர்

தங்கை சொன்ன பழைய ரிப்பேர் விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் போயிங் 747-களில் நெடுங்காலம் கழித்தவன். அந்த விமானம் இரண்டு பெரிய பாடங்களைப் பழைய ரிப்பேர்கள் வழியாகத்தான் சொல்லிக் கொடுத்தது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 பலருக்கும் தெரியும். 1978-ல் ஒசாகாவில் தரையிறங்கும்போது வால் தரையில் இடித்தது. கேபின் காற்றழுத்தத்தை அடைத்து வைக்கும் சுவரான பின்புற அழுத்தத் தடுப்பை ரிப்பேர் செய்தபோது, ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய சுமை ஒரே வரிசையில் விழுந்தது. அதன்பின் சுமார் 12,300 பறப்புகள். 1985 ஆகஸ்ட் 12 அன்று தடுப்பு வெடித்து, செங்குத்து வாலும் ஹைட்ராலிக் குழாய்களும் போயின. 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள்.

எனக்கு அதைவிட நெஞ்சில் நிற்பது சைனா ஏர்லைன்ஸ் 611. 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் வால் இடித்தது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், அதன்மேல் டப்ளர் என்னும் வலுவூட்டும் தகட்டைப் பொருத்தினார்கள். கீறல்கள் டப்ளருக்கு அடியிலேயே இருந்தன. அங்கிருந்து விரிசல் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டப்ளர் மறைக்கும். 22 ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் போகும் வழியில் விமானம் வானிலேயே சிதறியது. 225 பேர்.

அந்த டப்ளரின் ஓரங்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது, விபத்துக்கு முன்பு எடுத்த புகைப்படத்திலேயே தெரிகிறது. விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கறை பழக்கமானது. கேபின் காற்று எங்கே கசிகிறதோ அங்கே சிகரெட்டின் தார் பழுப்பாகப் படியும். கதவு ஓரத்தில், கேபின் காற்றை வெளியேற்றும் வால்வின் ஓரத்தில் தினமும் துடைத்திருக்கிறோம். கதவோரத்தில் என்றால் ரப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம். தகட்டோடு தகடு ரிவெட் அடித்து மூடிய இடத்தில் கறை வந்தால், காற்று எந்த வழியாக வந்தது? நான் ஒருமுறை வயிற்றுப் பகுதி இணைப்பு ஒன்றில் அப்படிப்பட்ட கறையைப் பார்த்து, கழுவ வந்த பையனைத் தடுத்து, முதலில் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னேன். பிரித்துப் பார்த்ததில் சீலண்ட்தான் வறண்டு பிளந்திருந்தது, விரிசல் இல்லை. அந்த அரைநாள் வீணானதாக ஒருவரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மேற்பார்வையாளர் கிடைத்தது என் பாக்கியம்.

கறையைக் கழுவும் முன் பாருங்கள். கழுவின விமானம் பேசாது.

பயிற்சி விமானி ஆசிரியர்

பெரிய விமானங்களைப் பற்றியே பேசுகிறோம். சிறிய பயிற்சி விமானத்தில் கேபின் அழுத்தம் இல்லை, ஆனால் இறக்கை இருக்கிறது, இறக்கையைத் தாங்கும் ஸ்பார் இருக்கிறது. பயிற்சி விமானம் ஒரே நாளில் எத்தனை முறை ஓடுபாதையைத் தொட்டு எழும்புகிறது, மாணவர்கள் எத்தனை முறை தடாலென்று இறக்குகிறார்கள் என்று யோசியுங்கள். 2018 ஏப்ரல் 4 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், தேர்வுப் பறப்பில் இருந்த ஒரு பைப்பர் விமானம் தொட்டு எழும்பி மேலேறிய சிறிது நேரத்தில் இடது இறக்கை கழன்றது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். ஸ்பாரின் போல்ட் துளையில் களைப்பு விரிசல். விமானத்தை வெளியிலிருந்து எவ்வளவு சுற்றிப் பார்த்தாலும் தெரியாத இடம் அது. அதன் பிறகுதான் அந்த ரகங்களில் அதிகம் உழைத்த விமானங்களுக்கு ஸ்பார் துளையில் எடி கரண்ட் சோதனை கட்டாயமானது.

பெரியவர் சொன்ன கறைக்கு இணையாக எங்கள் பக்கம் ஒன்று உண்டு, எரிபொருள் கசிவு. 2005 டிசம்பர் 19 அன்று மயாமியில் சாக்ஸ் ஓஷன் ஏர்வேஸின் கடல் விமானம் வலது இறக்கை பிரிந்து விழுந்து 20 பேர் இறந்தார்கள். 1947-ல் கட்டிய விமானம். அந்த இறக்கையில் எரிபொருள் திரும்பத் திரும்பக் கசிந்தது, திரும்பத் திரும்பச் சீலண்ட் பூசினார்கள். எரிபொருள் வந்துகொண்டிருந்தது விரிசலின் வழியாக. எங்கள் பள்ளியில் அடைத்த இடத்திலேயே மறுபடி கசிந்தால் விமானம் பறக்காது, தொட்டியின் உட்புறத்தைத் திறந்து பார்த்தாக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறோம். மாணவர்களின் பறக்கும் நேரம் தள்ளிப்போகிறது, பெற்றோர் தொலைபேசியில் சத்தம் போடுகிறார்கள். போடட்டும்.

கட்டமைப்புச் சோதகர், வளைகுடா

பழைய விமானத்தில்தான் இதெல்லாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்று. 2019-ல் போயிங் 737 என்ஜி ரக விமானங்களைச் சரக்கு விமானமாக மாற்றும் வேலையின்போது, இறக்கையை உடற்கூட்டோடு பிணைக்கும் "பிக்கிள் ஃபோர்க்" என்னும் பாகத்தில் விரிசலைக் கண்டார்கள். அதைத் தேடி யாரும் போகவில்லை, வேறு வேலைக்குப் பிரித்தபோது கண்ணில் பட்டது. விமானத்தின் ஆயுள் முழுதும் விரிசல் விடாது என்று கருதப்பட்ட பாகம். 30,000 பறப்புகளைத் தாண்டிய விமானங்களை ஏழு நாட்களுக்குள் சோதிக்க உத்தரவு வந்தது. அக்டோபர் நடுப்பகுதிக்குள் உலகம் முழுதும் சோதித்த 810 விமானங்களில் 38-ல் விரிசல் இருந்ததாகப் போயிங் சொன்னது.

அந்த வாரம் எங்கள் ஹேங்கரிலும் இரவு பகலாக அந்த வேலைதான். இடம் மிகக் குறுகல், கை நுழைந்தால் தலை நுழையாது. குறுகிய இடத்துக்குள் பார்க்க உதவும் மெல்லிய குழாய்க் கருவியான போரோஸ்கோப்பை விட்டுப் பார்க்க வேண்டும். சோர்ந்த கண் எதையும் கடந்துபோகும் என்பதால், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும், முதலாமவர் முடிவை அவரிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். உத்தரவில் அப்படி இல்லை. இன்றும் குறுகலான இடங்களில் அப்படித்தான் செய்கிறோம். உங்கள் ஹேங்கரில் இதற்கு வேறு ஏற்பாடு இருந்தால் எழுதுங்கள், எங்களுக்கு உதவும்.