விமான எம்.இ.எல்.ல (மினிமம் எக்யூப்மென்ட் லிஸ்ட்) மூணு நாள் ரிப்பேர் கெடுன்னா எப்போலேருந்து எண்ணணும்?

கொருக்குப்பேட்டை பையன்:
ஏ.எம்.இ. (விமான மெயின்டனன்ஸ் இன்ஜினியர்) லைசென்ஸுக்கு மாட்யூல் 10, அதான் விமானச் சட்டப் பரீட்சைக்குப் படிக்கிறேன். எது கெட்டிருந்தாலும் நிபந்தனையோட விமானம் கிளம்பலாம்னு சொல்ற லிஸ்ட்தான் எம்.இ.எல்.னு புரியுது. 10ஆம் தேதி காலைல 10 மணிக்கு ஒரு ஸ்னாக் (பழுது) எழுதினா, அதைச் சரி பண்ண வேண்டிய 'பி' கேட்டகரி கெடு 13ஆம் தேதி காலைலயே முடிஞ்சிடுமா? இன்னொண்ணு, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஒத்த ஹெட்லைட்டோட கன்டெய்னர் லாரி போற மாதிரி, லிஸ்ட்ல இருக்கிற எதையும் கெட்டபடியே வுட்டுட்டுப் பறக்கலாமா?

ராயபுரம் லைன்:
எழுதின நாள் கணக்குல வராது தம்பி. 10ஆம் தேதி முடியிற நள்ளிரவுல ஆரம்பிச்சு 13ஆம் தேதி முடியிற நள்ளிரவுல முடியும். பி 3 நாள், சி 10, டி 120. எல்லாம் காலண்டர் நாள்; விமானம் ஹேங்கர்ல சும்மா நின்னாலும் ஓடும். 'ஏ'வுக்குப் பொதுக் கெடு இல்ல, அந்த அயிட்டத்துக்கு எதிரிலேயே போட்டிருக்கும். உள்ளூர் நேரமா யூ.டி.சி.யான்னு (உலகப் பொது நேரம்) கம்பெனி எம்.இ.எல். முன்னுரையில பாத்துக்க, அஞ்சரை மணி நேர வித்தியாசம்.

லாரிக் கணக்கு இங்க ஆகாது. லிஸ்ட்ல ரிமார்க்ஸ் பத்தியில 'எம்' (மெயின்டனன்ஸ்) இருந்தா சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, யாரும் திரும்பத் தள்ளாம இருக்கக் காலர் மாட்டுறது, வால்வை மூடிப் பூட்டுறது மாதிரி வேலையை முடிச்சு கையெழுத்துப் போடணும். 'ஓ' (ஆபரேஷன்ஸ்) இருந்தா அது பைலட் செய்ய வேண்டியது. டெக் லாக்ல (விமானத்தோட பழுதுப் பதிவேடு) டெஃபர் பண்ணி, அதாவது ரிப்பேரைத் தள்ளி வெச்சதா எழுதி, காக்பிட்ல 'வேலை செய்யலை'ன்னு பிளக்கார்டும் ஒட்டணும். ஒட்டலைன்னா அடுத்து வர்ற க்ரூ அதே ஸ்விட்சைப் போட்டுடுவாங்க.

தண்டையார்பேட்டை ஏவியானிக்ஸ்:
பலரும் கோட்டை விடுறது ரெண்டு ஸ்னாக் சேர்றப்போதான். ஏ320ல ஒரு என்ஜின் ஜெனரேட்டர் இல்லாம கிளம்பணும்னா ஏ.பி.யூ. (வால்ல இருக்கிற துணை என்ஜின்) ஜெனரேட்டர் நல்லா இருக்கணும். அதுவும் ஏற்கெனவே டெஃபர் ஆகியிருந்தா விமானம் நிக்கும். தனித்தனியா பாத்தா ரெண்டுக்கும் அனுமதி இருக்கும், அதான் சிக்கல். வெதர் ரேடார் இல்லாம போறதும் வழியில இடிமழை எதிர்பார்க்கலைன்னாதான். ஐப்பசி மாசச் சென்னையில அதுக்கு வாய்ப்பு எவ்ளோன்னு நீயே சொல்லு.

லிஸ்ட்ல இல்லாததைத் தேவையில்லாததுன்னு எடுத்துக்காதே. இறக்கை பேரு கூட அதுல இருக்காது! கழன்டு போன பேனல், சீல் எல்லாம் சி.டி.எல்.ல (கான்ஃபிகரேஷன் டீவியேஷன் லிஸ்ட்) வரும்.

கொருக்குப்பேட்டை பையன்:
புரியுதுண்ணே. டாக்ஸி போறப்போ கெட்டா?

ராயபுரம் லைன்:
சொந்த என்ஜின் பலத்துல நகர ஆரம்பிச்சுட்டா முடிவு கேப்டனோடது. க்யூ.ஆர்.எச். (பைலட்டோட அவசரக் கையேடு) படி செஞ்சுட்டு, எம்.இ.எல்.லையும் பாத்து, போறதா திரும்புறதான்னு அவர்தான் சொல்லணும். பறந்துட்டாருன்னா இறங்கினதும் ஸ்னாக் எழுதியே ஆகணும்; அடுத்த கிளம்பலுக்கு மறுபடியும் எம்.இ.எல்.தான்.